எடைச்சாமியும் எங்கள் வீட்டுச் சுரைக்காயும்

வெள்ளிக்கிழமை காலையில் சென்னீர்குப்பம் பக்கம் வந்தீர்களானால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் துணி சுற்றிய மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு யாராவது போவார்கள். அவர்கள் பின்னால் போங்கள். எடைச்சாமியிடம் போய்ச் சேர்வீர்கள்.

குறைமாதப் பிள்ளைகளுக்கென்றே அவதரித்தவர் அவர். மற்ற சாமியார்கள் பேய் ஓட்டுவார்கள், வேலை வாங்கித் தருவார்கள், ஓடிப்போன கணவனைத் திருப்பிக் கொண்டு வருவார்கள். எல்லாம் பழைய தொழில், போட்டியும் அதிகம். எடைச்சாமி புது இடம் பிடித்தார். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளை தேறுமா தேறாதா என்று ஒரு தாய் தவிக்கிறாள் அல்லவா, அந்தத் தவிப்பில் கடை போட்டார்.

தகரக் கொட்டகை. உள்ளே சங்கிலியில் தொங்கும் பெரிய பித்தளைத் தராசு. ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் கல்கண்டு. பிள்ளையின் எடைக்கு எடை கல்கண்டு சாமிக்கு. அந்தக் கல்கண்டு மாலையில் எதிர்க் கடைக்குப் போய், மறு வெள்ளிக்கிழமை புதுக் கல்கண்டாகத் திரும்பி வரும். இதுவும் ஒரு மறுபிறவிதான்.

சடங்கு எளிமையானது. முதல் முறை போனால் மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி எடை போடுவார். கையில் கயிறு கட்டுவார். அடுத்த முறை சிவப்புத் துணி. எடை ஏறியிருக்கும். அதற்கடுத்த முறை பச்சைத் துணி. எடை இன்னும் ஏறியிருக்கும். பச்சை கண்ட பிள்ளைக்குப் பயமில்லை என்பது பக்தர்கள் வாக்கு. துணிகளைச் சாமி தம் கையாலேயே ஒரு குடத்திலிருந்து எடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் தீட்டு.

விதிகள் இரண்டு. வீட்டில் சுற்றிய பிள்ளையைத் தராசில் வைத்து இறக்கும்வரை முகம் திறக்கக்கூடாது, கண்ணேறு பட்டால் எடை இறங்கிவிடும். சாமியே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடை பார்ப்பார். இரண்டாவது, அவர் தராசில் ஏறிய பிள்ளை பச்சைத் துணி காணும்வரை வேறு எந்தத் தராசிலும் ஏறக்கூடாது. ஆஸ்பத்திரித் தராசில் ஏறவே கூடாது.

இரண்டாவது விதி எதற்கென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அங்கே வரிசையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் படிக்காதவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கைக்கடிகாரத்தில் தங்கள் நாடித் துடிப்பைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்கள், காரை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சாமியின் பூர்வாசிரமப் பெயர் தட்சிணாமூர்த்தி. கோவில்பதாகையில் எங்கள் தெருமுனையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுப் பழைய செய்தித்தாள்கள் அவர் தராசில் ஏறினால் பஞ்சுபோல் ஆகிவிடும். காகிதம் வைத்தால் எடை குறைகிறது, பிள்ளை வைத்தால் எடை கூடுகிறது. தாடி மட்டும்தான் புதிது.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தகப்பனார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். கூலி நெல் அளக்கும்போது மரக்காலைக் கவிழ்த்து, அடியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மடி ஏந்துவார். பண்ணையார் முறைத்தாலும் தட்டுவார். எங்களுக்கு நிலமில்லை, நகையில்லை. அளவில் ஏமாறாதவர்கள் என்ற பெயர் ஒன்றுதான் குடும்பச் சொத்து. அந்தச் சொத்துக்குத்தான் இந்தத் தட்சிணாமூர்த்தி உலை வைத்தார்.

நடந்தது இதுதான். என் மருமகள் கவிப்பிரியாவுக்கு அம்பத்தூரில் வேலை. எட்டாம் மாதம். ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு என்று மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, வளையலுக்கும் சொல்லியாயிற்று. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து மின்சார ரயிலில் வரும்போது, அண்ணனூர் தாண்டியதும் பனிக்குடம் உடைந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் முன்பின் தெரியாதவர்கள் துப்பட்டாக்களை விரித்துத் திரை கட்டினார்கள். பூ விற்கும் அம்மாள் ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாளாம். ஆவடியில் இறக்கி, ஆஸ்பத்திரி சேர்த்து, என் மகன் சரவணக்குமார் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.

வளைகாப்புக்கு முன்னால் பிள்ளை வந்துவிட்டதாம். உறவுக்காரர்களுக்கு வாய் நிறைய அவல். நான் அசரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை, அவளும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அச்சடித்த பத்திரிகையில் வளைகாப்பை அடித்து, பேத்தி வந்துவிட்டாள் என்று கையால் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.

சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். அவள் விரல் என் மீசை முடியைவிடக் கொஞ்சம் தடிமன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னார். பிள்ளையைத் தாயோ தகப்பனோ வெற்று மார்பில் ஒட்ட வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சூடுதான் மருந்து. இரண்டு மணிக்கொரு முறை, தூங்கினாலும் எழுப்பி, பாலாடையில் தாய்ப்பால் புகட்ட வேண்டும். குறித்த நாளில் வந்து எடை பார்க்க வேண்டும்.

முதல் விஷயம் எனக்கு உவப்பாக இல்லை. என் மகன் நடுக்கூடத்தில் சட்டையில்லாமல், மார்பில் பிள்ளையை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வருகிறவர் போகிறவர் பார்க்கிறார்கள். கதவைச் சாத்திக்கொள்ளடா என்றேன். சாத்தினால் காற்று வராது என்றான். அதோடு விட்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் வந்தாள். என் மனைவி மங்களத்தின் காதோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கப் பேசினாள்.

"ஏயாம் மாசத்துப் புள்ள தங்கும், எட்டாம் மாசத்துது தங்காதுன்னு சொல்லுவாங்க மங்களம். எடைச்சாமியாண்ட ஒருவாட்டி இட்டுகினு போயி தராசுல ஏத்திடு. அப்பால பாரு."

ஏழு மாதம் இருந்தது தங்குமாம், அதைவிட ஒரு மாதம் கூட இருந்தது தங்காதாம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை.

நான் ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, மங்களம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னீர்குப்பம் போய் வந்துவிட்டாள். மஞ்சள் துணி ஆயிற்று. எடை ஒன்றே முக்கால் கிலோ.

அடுத்து ஆஸ்பத்திரி நாள் வந்தது. மங்களம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பச்சைத் துணி ஆகும்வரை வேறு தராசு கிடையாது என்றாள். மகன் இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளமானான். நான் குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை.

"புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்க பொறுப்பு ஏத்துக்கறீங்களா?"

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இந்தத் தொழிலின் மூலதனமே அந்தக் கேள்விதான்.

ஆனால் நாளுக்கு நாள் பிள்ளை அதிகமாகத் தூங்கினாள். கவிப்பிரியா பால் புகட்ட எழுப்பினால் மங்களம் தடுத்தாள். சாமி கயிறு கட்டியாயிற்று, தானாக ஏறும், தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்றாள். பேத்தியின் கைத்தோல் சட்டை பெரிதாகிவிட்டதைப்போலத் தொளதொளவென்று இருந்ததை நானே பார்த்தேன்.

வியாழக்கிழமை மாலை கவிப்பிரியா என்னிடம் வந்து நின்றாள். கையில் ஒரு சுரைக்காய்.

"மாமா, அவரு கொழந்த மூஞ்சிய பாக்கவே மாட்டாருல்ல?"

"மாட்டான்."

"அப்ப நாளைக்கு இது போகட்டும். நாங்க பாப்பாவத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி போயிடறோம்."

சுரைக்காயைக் காய்கறிக் கடையில் நிறுத்தே வாங்கியிருந்தாள். ஒன்றரைக் கிலோ. பேத்தியைவிடக் கால் கிலோ குறைச்சல். எனக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் தெருவில் நிமிர்ந்து நடக்கிற மனிதன் நான். சுரைக்காயைத் துணியில் சுற்றிக் கொஞ்சிக்கொண்டு போவதா? யாராவது பார்த்தால் குடும்ப மானம் என்னாவது?

அவள் ஒன்றும் வாதாடவில்லை. உங்கள் அப்பா மரக்காலைத் தட்டிப் பார்ப்பாராமே, அவர் சொன்னார் என்று மகனைக் காட்டினாள். நான் சுரைக்காயை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இல்லாவிட்டால் மங்களம் காலையில் அதைப் பொரியல் செய்திருப்பாள்.

மறுநாள் மங்களம் பூஜையில் இருந்தபோது சுரைக்காய்க்குக் குல்லா போட்டு, மஞ்சள் துணியில் தலை முதல் கால்வரை சுற்றி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டு, என் கையில் கொடுத்தாள் மருமகள். இன்று பேத்தியை நான்தான் தூக்கி வருவேன் என்று அறிவித்தேன். மங்களத்தின் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் கும்பிட்டதற்குக் கடவுள் கண் திறந்து இந்த மனிதருக்குப் புத்தி கொடுத்துவிட்டார் என்று நினைத்தாளாம்.

ஆட்டோ ஓட்டியவர் உலகநாதன், தெரிந்த பையன். பள்ளம் மேடு எல்லாம் ஏறி இறங்கியும் மூட்டையிலிருந்து சத்தம் வராதது அவருக்கு உறுத்தியது.

"இன்னா பெருசு, கொயந்த சத்தமே காணோம்?"

"எங்க வீட்டுப் புள்ளைங்க ஊரைக் கூட்டாதுப்பா" என்றேன். மங்களம் பெருமையாகத் தலையசைத்தாள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் இளம்பெண். பானுப்பிரியா என்று பெயர், பூந்தமல்லி அடுக்ககம், கணவனுக்கும் அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலை. கணவனோடு மூன்றாவது முறையாக வந்திருந்தாள். இன்று பச்சைத் துணி, இன்றோடு கவலை விட்டது என்று மங்களத்திடம் சொன்னாள். போன வாரம் எவ்வளவு ஏறியது என்றும் சொன்னாள். மங்களம் தன் பங்குக்கு என் கையிலிருந்த சுரைக்காயைத் தட்டிக்கொடுத்தாள்.

பானுப்பிரியாவின் பிள்ளை தராசில் ஏறியது. பச்சைத் துணி. கல்கண்டு கொட்டக் கொட்ட முள் நிமிரவில்லை. கொட்டகையே கை தட்டியது. அவள் அழுதுகொண்டே பிள்ளையை எடுத்து ஓரமாக நின்றாள்.

எங்கள் முறை. சாமி பச்சைத் துணியைக் குடத்தில் போட்டுவிட்டு, சிவப்புத் துணியை எடுத்துத் தட்டில் விரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மெதுவாகக் கிடத்தினேன். மறு தட்டில் கல்கண்டு விழுந்தது. முள் நேரானபோது சாமி கண்ணை மூடிச் சொன்னார்.

"ரெண்டு கிலோவைத் தொட்டுட்டா உன் பேத்தி."

நான் கைகட்டி நின்றேன். என்னால் முடிந்த அளவு பணிவோடு கேட்டேன்.

"பால் குடிக்கிறாளா சாமி?"

"நல்லா இழுத்துக் குடிக்கிறா."

"கை கால் எல்லாம்?"

"உருண்டு திரண்டு வருது. முகத்துல களை வந்துடுச்சு."

"யார் ஜாடை சாமி?"

சாமி கொஞ்சம் யோசித்தார். மங்களம் கூப்பிய கையோடு நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தார். "பாட்டி ஜாடை" என்றார்.

மங்களம் வெட்கப்பட்டாள்.

நான் துணியை விலக்கினேன். குல்லா போட்ட சுரைக்காய், பாட்டி ஜாடையில், கொட்டகையைப் பார்த்து நிமிர்ந்து படுத்திருந்தது.

மங்களத்துக்குத் தலை சுற்றுவதற்குள் அவள் கையைப் பிடித்து, பேத்தி அவளுடைய அப்பா அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒருவர் தொபுக்கென்று தரையில் விழுந்தார்.

"கொயந்தைய சொரக்காயா மாத்திட்டாரு சாமி."

இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண்மணி முந்தானையிலிருந்து குங்குமம் எடுத்துச் சுரைக்காயின் நெற்றியைத் தேடினாள். இந்த நாட்டில் பொய் சொல்ல யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை, கேட்கிறவர்களே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். சாமியும் அந்தக் கிளையைப் பிடித்துத் தொங்கினார். நம்பிக்கையில்லாமல் வந்தால் இப்படித்தான் சாபம் ஆகும் என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். "சாபமோ சாம்பாரோ, காய்கறிக் கடையில் நிறுத்தபோது இது ஒன்றரைக் கிலோ. உன் தராசில் இரண்டு கிலோ. சுரைக்காய் தாய்ப்பால் குடிக்காது தட்சிணாமூர்த்தி. சிவப்புத் துணியை மட்டும் தராசில் வை."

தன் பழைய பெயரைக் கேட்டதும் சாமி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். துணியைத் தொட்டால் தீட்டு என்றார். தராசு பொய் சொல்லாது என்றார்.

"தராசைச் சொல்லவில்லை. துணியைச் சொல்கிறேன்."

பானுப்பிரியாதான் முன்னால் வந்தாள். பிள்ளையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, சுரைக்காயைத் தூக்கி என் கையில் வைத்தாள். தட்டில் சிவப்புத் துணி மட்டும் கிடந்தது. மறு தட்டில் இரண்டு கை கல்கண்டை மட்டும் விட்டு, மீதியை எடுத்தாள். அப்படியும் துணி இருந்த தட்டு கிணற்றுக்குள் வாளி போவதைப்போல இறங்கியது. பிறகு குடத்துக்குள் கைவிட்டுத் தன் பிள்ளை படுத்த பச்சைத் துணியை எடுத்தாள். அது சிவப்பைவிடக் கனம். ஓரத்தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளேயிருந்து இரும்புப் பொடி சரசரவென்று கொட்டியது. லேத்துப் பட்டறையில் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டுகிற அதே பொடி.

அவள் யாரையும் திட்டவில்லை. கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு வாரமா பாப்பா சரியா குடிக்கவே இல்ல. எடை ஏறுதேன்னு நான் விட்டுட்டேன்ங்க."

அவர்கள் கார் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த மூன்று வண்டிகளுக்குப் பின்னால் அடைபட்டிருந்தது. வெளியே காத்திருந்த உலகநாதனைக் கூப்பிட்டேன். "ஏறும்மா, நான் இட்டுகினு போறேன்" என்று ஆட்டோவைக் கிளப்பினார். கொட்டகையில் இருந்த மற்ற தாய்மார்களும் மூட்டைகளைத் திறந்து, கண்ணேறு பயத்தை மறந்து தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே ஓடினார்கள். சாமியை அடிக்க யாருக்கும் நேரமில்லை. அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டு பின்பக்கத் தகரத்தை விலக்கிப் போய்விட்டார். தராசை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். தொழில்பக்தி.

நானும் மங்களமும் சுரைக்காயோடு பஸ் ஏறினோம். திருவேற்காடு தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அது எப்படிங்க என் ஜாடை?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டேன். பதில் சொல்லக்கூடாத கேள்விகளும் குடும்பத்தில் உண்டு.

ஆஸ்பத்திரியில் பேத்தியின் எடை ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மறுபடி கண்ணாடிப் பெட்டிதான் என்று டாக்டரம்மா மகனையும் மருமகளையும் நன்றாகத் திட்டியிருக்கிறார். திட்டு வாங்க வேண்டியவர்கள் நாங்கள், வீட்டில் இருந்தோம். மங்களம் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு, பாலாடையைக் கையில் எடுத்தாள். இப்போது இரண்டு மணிக்கொரு முறை பிள்ளையை எழுப்புவது அவள்தான். கொஞ்சம் பிந்தினால் வீட்டையே எழுப்பிவிடுகிறாள்.

மார்புச் சூட்டுக்கு ஆள் போதவில்லை. மகன் வேலைக்குப் போக வேண்டும், மருமகள் கொஞ்சமாவது தூங்க வேண்டும். தாத்தாவும் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னாராம். நான் வாசல் கதவைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. எழுந்து போய்ச் சாத்தவில்லை. சட்டையைக் கழற்றினேன். நரைத்த நெஞ்சின்மேல் பேத்தியை வைத்துத் துணியால் கட்டினாள் மங்களம். வேம்புலியம்மாள் தெருவிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோது அந்தச் சின்ன மூச்சு என் மூச்சோடு ஏறி இறங்கியது.

சுரைக்காயைக் கூட்டு வைத்தார்கள். மங்களம் மட்டும் சாப்பிடவில்லை.

இப்போது பேத்திக்குக் கன்னம் வந்துவிட்டது. நல்ல தராசில், துணியில்லாமல் ஏறிய எடை. நேற்று வேம்புலியம்மாள் வந்து பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, திருநின்றவூர் ஏரிக்கரையில் புதிதாக ஒரு சாமி வந்திருப்பதாகவும், அவர் நூலால் பிள்ளையின் நீளத்தை அளந்து உயரம் ஏற்றுவதாகவும், ஊரே போகிறதென்றும் சொன்னாள். நூலின் மறுநுனி யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். சாமி கையில்தான் என்றாள்.

எங்கள் பேத்தி மாதம் முடியும்முன்னே அவசரமாக உலகத்துக்கு வந்து, போராடி, தேறிவிட்டாள். ஊராரின் அறிவு மட்டும் இன்னும் வயிற்றுக்குள்ளேயே சுகமாகப் படுத்திருக்கிறது. அதற்கு எப்போதய்யா வலி எடுக்கும்?